கோட்டம்மா சொன்ன இரண்டு பதில்கள்

மூளை அலைகளைப் படித்துச் சொல்கிற டாக்டருக்குக் கோட்டம்மா என்று பட்டம் வைத்தது யார் என்பது மருத்துவமனையில் யாருக்கும் நினைவில்லை. நாள் முழுக்கத் திரையில் நெளிகிற கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர் என்பதால் வந்த பெயர். ஆரம்பத்தில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். பிறகு அவரே தொலைபேசியை எடுத்து, "கோட்டம்மாதான் பேசறேன், சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிட்டதால் ஒளித்துச் சொல்ல அவசியமில்லாமல் போயிற்று. குள்ளமான உருவம், வேகமான நடை, நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. 'ஒருவேளை', 'பார்க்கலாம்' போன்ற சொற்கள் அவர் வாயில் அதிகம் வருவதில்லை. தெரிந்தால் தெரியும் என்பார். தெரியாவிட்டால் எப்போது தெரியும் என்பதைச் சொல்வார்.

அன்று காலை அவருடைய அறைக்கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு ஒருவர் உள்ளே வந்தார். கசங்கிய சட்டை, விமானத்தில் தூங்காமல் சிவந்த கண்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கும் நீச்சல் பயிற்சியாளரின் தம்பி, தொழில் வக்கீல். கையில் அக்காவின் பரிசோதனை அறிக்கையை மடித்து வைத்திருந்தார்.

அக்காவுக்கு நடந்தது இதுதான். குளத்தங்கரையில் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். இதயம் நின்றுவிட்டது. அவரிடம் பயிற்சி பெறும் பெரிய பெண்கள் ஓடிவந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி ஆள் நெஞ்சை அமுக்கினார்கள். வருடா வருடம் ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கச் சொல்லி அவர் படுத்தும் பாட்டைத் திட்டித் தீர்த்தவர்கள்தான் அவர்கள். இதயம் திரும்பத் துடித்தது. நினைவு மட்டும் திரும்பவில்லை. மூளைக்கு ஓய்வு கொடுப்பதற்காக உடம்பைக் குளிரவைத்து, மயக்க மருந்து செலுத்தி, தொண்டையில் குழாய் போட்டு வைத்திருந்தார்கள். அந்த மயக்கத்தில் இருந்தபோது எடுத்த மூளை அலைப் பதிவுதான் வக்கீலின் கையில் இருந்தது.

"இதுக்கு என்ன அர்த்தம்னு நானே தேடிப் பார்த்துட்டேன் டாக்டர்," என்றார் வக்கீல். "கோடு கொஞ்ச நேரம் குபுக்குனு எழும்புது, அப்புறம் செத்த மாதிரி படுத்துடுது. இப்படி இருந்தா ஆள் பிழைக்கிறதில்லன்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கு. என்கிட்ட நேரா சொல்லிடுங்க."

"உக்காருங்க. நேராத்தான் சொல்லப்போறேன்."

கோட்டம்மா அந்தப் பதிவைத் திரையில் கொண்டுவந்து அவர் பக்கம் திருப்பினார்.

"நீங்க படிச்சது பொய் இல்ல. ஆனா இதை எடுத்தப்போ உங்க அக்கா உடம்பு முழுக்க மயக்க மருந்து. அதே மருந்தை எனக்குப் போட்டாலும் என் கோடும் இப்படித்தான் எழும்பி எழும்பிப் படுக்கும். இது உங்க அக்கா மூளை எழுதினது இல்ல. மருந்து எழுதினது."

மருந்தை நேற்றே நிறுத்தியாயிற்று என்றும், அது உடம்பை விட்டு முழுதாக வடிய நாளை மறுநாள் ஆகும் என்றும், அன்று தானே உட்கார்ந்து மறுபடி எடுத்துப் பார்க்கப்போவதாகவும் சொன்னார். அதுவரை யார் எது சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். நல்ல சேதியையும் சேர்த்துத்தான்.

வக்கீல் எழுந்திருக்கவில்லை. மேசை விளிம்பைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். அவர்களுடைய அப்பா கடைசிக் காலத்தில் மாதக்கணக்கில் குழாயும் பையுமாகக் கிடந்தார். ஆள் யாரென்று தெரியாது, கண்ணும் நிலைக்காது. ஒருநாள் அவருக்கு உடம்பு துடைத்துவிட்டு வெளியே வந்த அக்கா, தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு இப்படி ஆனால் என்னை இப்படிப் போட்டு வைக்காதே, நீதான் நின்று நிறுத்த வேண்டும், உன் மாமாவுக்கு அந்த தைரியம் வராது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"அதுக்காகத்தான் ஓடி வந்தேன். சொன்ன வாக்கைக் காப்பாத்தணும். மாமா என் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேங்கறார்."

"வாக்கை நீங்க தாராளமா காப்பாத்தலாம். ஆனா உங்க அக்கா 'இப்படி'ன்னு சொன்னது உங்க அப்பா நிலைமையை. அக்கா நிலைமை அதுதானான்னு தெரியாம எதை நிறுத்துவீங்க?" என்றார் கோட்டம்மா. "ரெண்டே நாள். அதுக்கப்புறம் நானே பதில் சொல்றேன்."

வக்கீல் அறிக்கையை மறுபடி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அவருடைய மாமா, அதாவது பயிற்சியாளரின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். காத்திருப்போர் கூடத்தின் கடைசி பெஞ்சில் முழங்கையைத் தொடையில் ஊன்றி உட்கார்ந்திருப்பார். பேச்சு மிகக் குறைவு. மச்சான் வந்து இறங்கிய அன்றைக்கே இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றிவிட்டது. உயிரோடு இருக்கிறவளுக்கு முடிவு கட்டவா டிக்கெட் போட்டு வந்தாய் என்று இவர் கேட்க, உங்களுக்காக அவளைக் கட்டிப்போட்டு வைக்காதீர்கள் என்று அவர் சொல்ல, அதோடு பேச்சு நின்றது. அப்புறம் இருவரும் கூடத்தின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். ஒருவர் டீ குடிக்கப் போனால் மற்றவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவார். எதிரெதிரே வர நேர்ந்தால் இருவரும் செல்போனை எடுத்துக்கொள்வார்கள்.

மெக்கானிக்குக்குக் கூடத்தில் துணை என்று இருந்தது ஒரு தையல்காரப் பெண்தான். டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த அவளுடைய அப்பா அடுத்த கட்டிலில் இருந்தார். அவருக்கும் இதயம்தான் நின்றது. ஆனால் வீட்டில் தனியாக இருந்த நேரம். குளியலறைக் கதவை உடைத்து எடுப்பதற்குள் வெகுநேரம் ஆகிவிட்டது. பத்து நாட்களுக்கு மேலாக அங்கேயே கிடந்த தையல்காரிக்கு மருத்துவமனையின் சந்து பொந்தெல்லாம் அத்துப்படி. எந்த நர்சிடம் எதைக் கேட்கலாம், எந்தக் குழாயில் வெந்நீர் வரும், எந்த நாற்காலியில் சாய்ந்தால் கழுத்து பிடிக்காது என்பதையெல்லாம் மெக்கானிக்குக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். முதல்நாள் அவர் சட்டைப் பித்தான் தொங்குவதைப் பார்த்துவிட்டு, கழற்றக்கூடச் சொல்லாமல் நின்றபடியே தைத்துக்கொடுத்து, பல்லால் நூலைக் கடித்தாள். அப்போதிருந்து அவர் அவளைத் தங்கச்சி என்றார், அவள் அண்ணே என்றாள்.

கோட்டம்மா சொன்ன நாள் வந்தது. அன்று காலை அவர் முதலில் போனது டாக்சிக்காரரின் கட்டிலுக்கு. அங்கே பரிசோதனையெல்லாம் முந்தின நாளே முடிந்திருந்தது. கடைசியாக ஒருமுறை தானே பார்த்துவிட்டு, தையல்காரியைத் தன் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு, அவளுக்கு நேராக உட்கார்ந்தார்.

"அப்பா எழுந்திருக்க மாட்டார்ம்மா."

தையல்காரி தலையை ஆட்டினாள். "இன்னும் கொஞ்ச நாள் பார்த்தா?" என்று கேட்டாள்.

"பார்த்தாச்சும்மா. மருந்தெல்லாம் உடம்பை விட்டுப் போய் ஒரு வாரம் ஆச்சு. கை தட்டினாலும் கிள்ளினாலும் கோடு அசையல. மணிக்கட்டு நரம்புல சின்னதா மின்சாரம் விட்டுப் பார்த்தோம். கழுத்து வரைக்கும் போகுது, மூளைக்குப் போய்ச் சேரல. கண்ணுல வெளிச்சம் அடிச்சா பாவை சுருங்கல. மூணையும் தனித்தனியாத்தான் கேட்டோம். மூணும் ஒரே பதிலைத்தான் சொல்லுது. ஒண்ணு மாத்திச் சொல்லியிருந்தாலும் நான் உன்னைக் காத்திருக்கச் சொல்லியிருப்பேன்."

"அவருக்கு வலிக்குதா டாக்டர்?"

"இல்ல. அதுல எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்ல."

தையல்காரி அழவில்லை. துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து தம்பி வந்து அப்பாவைப் பார்த்தபிறகு செய்ய வேண்டியதைச் செய்யலாம் என்றாள். சுற்றி வளைக்காமல் சொன்னதற்கு நன்றி என்றும் சொன்னாள். கோட்டம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவள் எழும்வரை உட்கார்ந்திருந்தார். கதவு திறந்து அவள் போனபிறகுதான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அங்கிருந்து நேராகப் பயிற்சியாளரின் கட்டில். டெக்னீஷியன் பெண் ஏற்கெனவே வேலையில் இறங்கியிருந்தாள். தலைமுடியை வகுடு வகுடாகப் பிரித்து, அளவுநாடா வைத்துக் குறித்து, சட்டைப் பித்தான் அளவுள்ள கிண்ணங்களைப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வண்ணக் கம்பி கிளம்பி, எல்லாம் பின்னலாகச் சேர்ந்து பெட்டிக்குப் போயிற்று. மெக்கானிக்கையும் வக்கீலையும் கோட்டம்மா உள்ளே கூப்பிட்டுத் தன் முதுகுக்குப் பின்னால் நிற்கவைத்தார். கட்டிலின் இரண்டு பக்கமும் தனித்தனியாக நிற்கப்போனவர்களை, "ரெண்டு பேரும் இந்தப் பக்கமே நில்லுங்க. வயரை மிதிச்சுடாதீங்க," என்று ஒன்றாக்கிவிட்டார்.

திரையில் கோடுகள் ஓட ஆரம்பித்தன. வக்கீல் பார்த்து வைத்திருந்த கோடு இல்லை இது. எழும்பிப் படுக்காமல், இடைவெளி விடாமல், சோம்பலான அலைகளாக ஓடியது. கோட்டம்மா ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். பிறகு எழுந்து போய் நோயாளியின் காதோரம் பட்டென்று கை தட்டினார்.

சோம்பலாக ஓடிய அலை சட்டென்று குறுகி வேகமெடுத்தது. சில நொடிகள் அப்படியே ஓடிவிட்டு மறுபடி பழைய நடைக்கு வந்தது. கட்டிலில் கிடந்தவரின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இன்னொரு தடவை," என்றார் கோட்டம்மா தனக்குத்தானே. மறுபடியும் தட்டினார். மறுபடியும் அலை மாறியது. பேனாவால் விரல் நகத்தை அழுத்தினார். அதற்கும் மாறியது. தற்செயலாக நடப்பதல்ல என்று திருப்தியான பிறகு மெக்கானிக்கைப் பார்த்து, கூப்பிடுங்கள் என்று சைகை செய்தார். மனைவியின் பக்கத்தில் குனிந்த மெக்கானிக், அவளை வீட்டில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார். அலை மாறியது. வக்கீல் முன்னால் வந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அக்கா" என்றார். அதற்கும் மாறியது.

இருவரும் ஒரே நேரத்தில் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"யார் குரலுக்கு அதிகமா மாறிச்சுன்னு கேட்டுடாதீங்க. அந்தப் பஞ்சாயத்துக்கெல்லாம் இந்த மிஷின் வராது," என்றார் கோட்டம்மா. டெக்னீஷியன் பெண் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். வக்கீலுக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

வெளியே வந்ததும் கோட்டம்மா பதிலைச் சொன்னார்.

"எழுந்திருப்பாங்க. என்னைக்குன்னு சொல்ல மாட்டேன். எழுந்ததும் பழைய ஆளா இருப்பாங்கன்னும் சொல்ல மாட்டேன், ஞாபகம் கொஞ்சம் தடுமாறலாம். ஆனா எழுந்திருப்பாங்க."

வக்கீல் வக்கீலாகக் கேட்டார். "எவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"இந்த மாதிரி கோடு இருக்கற பத்து பேர்ல எட்டுப் பேர் எழுந்திருக்கறாங்க. உங்க அக்காவுக்கு உடனே நெஞ்சை அமுக்கியிருக்காங்க, கண்பாவை சுருங்குது, நரம்புச் சோதனையும் நல்லா இருக்கு. அந்த எட்டுல இவங்க இருக்காங்கன்னு நான் சொல்றேன்."

"நீங்க தப்பா சொன்னதே இல்லையா?"

"சொல்லியிருக்கேன். அதனாலதான் ஒத்தைக் கோட்டை மட்டும் வெச்சு இப்போ எதையும் சொல்றதில்ல."

மெக்கானிக் கூடத்துக்குத் திரும்பி வந்தபோது கால் லேசாக இருந்தது. ஆனால் கடைசி பெஞ்சில் தையல்காரி தம்பிக்குப் போன் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், முகத்தில் இருந்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டார். அவள் போனை வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"என்ன சொன்னாங்க அண்ணே?"

அவர் சட்டைப் பித்தானைத் திருகினார்.

"நல்ல சேதிதானே? சொல்லுங்க. எனக்காக மூஞ்சியைத் தொங்கப்போடாதீங்க. அப்பா எழுந்திருக்க மாட்டார்னு அதே டாக்டர்தான் சொன்னாங்க. அவங்க சொன்னதை நான் நம்பறேன்னா, அண்ணிக்குச் சொன்னதையும் நம்பித்தானே ஆகணும்?"

மெக்கானிக் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மனைவி விழுந்ததிலிருந்து முதன்முறையாக அழுதார். எதற்கு அழுகிறோம் என்பது அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் மதியம் தையல்காரியின் தம்பி வந்து சேர்ந்தான். அப்பாவின் குழாயை எடுக்கும்போது அவள் மெக்கானிக்கையும் உள்ளே வரச் சொன்னாள். டாக்சிக்காரரின் தலைமுடியை அவளே சீவிவிட்டாள். வெயில் கட்டிலின் கால்மாட்டில் விழுந்திருந்தது. மூச்சு இரண்டு மூன்று முறை இழுத்து, பிறகு நின்றது. கோட்டம்மா வாசற்படியில் கடைசிவரை நின்றிருந்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு பயிற்சியாளரின் கட்டிலருகே நாட்கள் நகரவில்லை. கண் திறக்கவில்லை, விரல் அசையவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைவர், உயரமான இளைஞர், நல்ல மருத்துவர்தான், கோட்டம்மாவை லிஃப்ட் வாசலில் நிறுத்தி, ரொம்ப உறுதியாகச் சொல்லிவிட்டீர்களே, இழுத்துக்கொண்டே போகிறதே என்று கவலைப்பட்டார். வக்கீலும் பழையபடி நம்பிக்கை இழக்க ஆரம்பித்தார். அப்பாவின் முகம் வந்து வந்து போகிறது என்று மாமாவிடமே போய்ச் சொன்னார். சண்டைக்கு அப்புறம் அவர் தானாகப் பேசிய முதல் பேச்சு அது. மெக்கானிக் கோபப்படவில்லை.

"மாப்ள, அவ அப்பா மாதிரி ஆயிட்டான்னா நீ செய்யறதுக்கு நான் குறுக்கே நிக்க மாட்டேன். அவ அதைச் சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கு. ஆனா அந்தம்மா வாயால சொல்லட்டும்."

இருவரும் சேர்ந்தே கோட்டம்மாவின் அறைக்குப் போனார்கள். இந்தத் தடவை வக்கீல் கதவைத் தட்டினார்.

கோட்டம்மா அன்று மதியம் முழுக்கப் பதிவு ஓடவிட்டார். நான்கு மணிவாக்கில் அவர்களைக் கூப்பிட்டுத் திரையில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். ஓடுகிற கோட்டின் நடுவே சின்னதாக ஓர் அலைக்கூட்டம். நூல் சுற்றிய ராட்டைக் கதிர்போல நடுவில் பருத்து இரண்டு நுனியிலும் மெலிந்திருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

"இது தூக்கத்துல வர்ற அலை. மயக்கத்துல வராது. உங்க அக்கா மதியச் சாப்பாடு சாப்பிட்ட ஆள் மாதிரி ஒரு தூக்கம் போட்டு முடிச்சிருக்காங்க," என்றார். "தூங்கத் தெரிஞ்ச மூளை முழிச்சுக்கவும் கத்துக்கும். நான் சொன்னதை ஒரு எழுத்துகூட மாத்தல. போய் நீங்க ரெண்டு பேரும் தூங்குங்க."

அந்த வாரம் முடிவதற்குள் பயிற்சியாளர் கண் திறந்தார். முதலில் வெறும் பார்வை. அடுத்த நாள் நர்ஸ் நகர்ந்த பக்கம் கண்ணும் நகர்ந்தது. கையைப் பிடி என்றால் பிடித்தார், விடு என்றால் விடத்தான் மறந்துபோனார். குழாயை எடுத்துத் தொண்டை ஆறுவதற்கு இரண்டு நாள் கொடுத்தார்கள். அதற்கப்புறம் ஒரு காலையில் கணவரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பார்வை அவரைத் தாண்டி, கால்மாட்டில் நின்ற தம்பியின்மேல் விழுந்தது. சிரிப்பு போய்விட்டது. நெற்றி சுருங்கியது. கரகரத்த குரலில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டார்.

"நீ எப்படா வந்த? யாரு செத்துட்டா?"

வேலை, கேஸ் என்று சொல்லி நல்லது எதற்கும் வராமல், சாவுக்கு மட்டுமே விமானம் ஏறுகிற தம்பி அவர். மெக்கானிக் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினார். வக்கீல் அக்காவின் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு, "யாரும் சாகலக்கா. உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்," என்றார். அக்கா நம்பாத முகத்தோடு தூங்கிப்போனார்.

கோட்டம்மா சொன்னபடியே, பழைய ஆள் அப்படியே திரும்பி வரவில்லை. இடது கை மந்தமாக இருந்தது. பயிற்சிப் பெண்களின் முகம் தெரிந்தது, பெயர் வரவில்லை. எல்லோரையும் 'ஏய்' என்றே கூப்பிட்டார். முன்பும் அப்படித்தான் கூப்பிடுவார் என்று அவர்கள் சத்தியம் செய்தார்கள். நடை சீரானதும் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊத ஆரம்பித்தார்.

வக்கீல் திரும்பிப்போகும் முன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நிறுத்தச் சொன்னதையும், அவசரப்பட்டதையும். அக்கா அவரை அருகில் உட்காரச் சொன்னார்.

"நான் கேட்டதைத்தானே நீ செய்யப் பார்த்த. அதுல தப்பில்ல. இப்பவும் அதைத்தான் கேக்கறேன், அப்பா மாதிரின்னா நிறுத்திடு. ஆனா அப்பா மாதிரியா இல்லையான்னு அந்தம்மாவைக் கேட்டுட்டு நிறுத்து," என்றார். பிறகு கணவரைக் காட்டி, "இவரையும் ஒரு வார்த்தை கேளு," என்றும் சேர்த்துக்கொண்டார்.

பக்கத்துக் கட்டிலைப் பற்றிக் கணவர் அவரிடம் சொன்னது பிறகு ஒரு நாள். கேட்டதிலிருந்து அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். ஒரு மாலை இருவரும் தையல்கடைக்குப் போனார்கள். இரண்டு மிஷின் மட்டும் கொள்ளுகிற கடை. வாசலில் துணிப் பொட்டலங்கள், உள்ளே இஸ்திரி வாடை. தையல்காரி எழுந்து வந்து பயிற்சியாளரை மேலும் கீழும் பார்த்தாள். சட்டை தோளில் நிற்காமல் தொளதொளவென்று தொங்குவதைப் பார்த்துவிட்டு, இதைப் பிடித்துத் தைக்க வேண்டும் என்று அளவுநாடாவை எடுத்தாள்.

"அதை அப்புறம் பார்த்துக்கலாம்மா," என்றார் பயிற்சியாளர். "நானும் உங்க அப்பாவும் பக்கத்துப் பக்கத்துல படுத்திருந்தோம். எனக்கு அவர் முகமே தெரியாது. அவர் எப்படிப்பட்ட ஆளு, சொல்லேன்."

தையல்காரி மிஷினின் சுவிட்சை அணைத்தாள். ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தாள்.

"சவாரி ஏத்தினா வாயை மூட மாட்டார்," என்று ஆரம்பித்தாள். "இறங்கறவங்க பாதிப் பேர் காது வலிக்குதுன்னுதான் இறங்குவாங்க."

மெக்கானிக் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே விளக்கு போடும்வரை அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.